வயல் இல்லாத புத்தகம்

அமெரிக்க எழுத்தாளர் ஜோனதன் சாஃப்ரன் ஃபோயர் 2009-இல் எழுதிய ‘ஈட்டிங் அனிமல்ஸ்’ என்னை உலுக்கிய நூல்களில் ஒன்று. அவருடைய நாட்டில் கோழியும் பன்றியும் எப்படி வளர்க்கப்படுகின்றன என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். இரவில் ஒரு விலங்கு ஆர்வலருடன் வான்கோழிப் பண்ணைக்குள் நுழைந்தார். பழைய வான்கோழி இனங்களைக் காப்பாற்றி வளர்க்கும் கேன்சஸ் மாநிலப் பண்ணையாளர் ஒருவருக்குத் தன் நூலிலேயே பேச இடம் கொடுத்தார். அதனால்தான், அவர் பருவநிலை மாற்றத்தையும் உணவையும் பற்றி 2019-இல் ‘வீ ஆர் த வெதர்’ என்ற நூலைக் கொண்டுவந்தபோது ஆவலோடு வாங்கினேன். படித்து முடித்ததும் மனம் சோர்ந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றி எனக்கு வெகுநாளாக இருந்துவரும் சில கேள்விகள் அந்தச் சோர்வில்தான் தெளிவாயின.

நூலில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. 1943-இல் போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் தூதர் யான் கார்ஸ்கி வாஷிங்டனுக்கு வந்து, யூதர்கள் கொன்று குவிக்கப்படுவதை விவரிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், அவரும் யூதர்தான். இந்த இளைஞர் பொய் சொல்வதாக நான் கூறவில்லை, ஆனால் என்னால் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிடுகிறார். பருவநிலை விஷயத்தில் நம் எல்லோருடைய நிலையும் இதுதான் என்கிறார் ஃபோயர். செய்தி தெரியும், மனம் ஏற்கவில்லை. அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு பெரிய கேள்விக்கு அவர் கண்ட விடை ஓர் உணவு விதி. காலையும் மதியமும் இறைச்சி, பால், முட்டை எதுவும் வேண்டாம், இரவில் பார்த்துக்கொள்ளலாம். தானே இந்த விஷயத்தில் தடுமாறுவதையும், முந்தைய நூலுக்காக ஊர் ஊராகப் போனபோது விமான நிலையங்களில் பர்கர் தின்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் தன் ஆன்மாவோடு ஒரு நீண்ட விவாதம், பாட்டியின் நினைவு, பிள்ளைகளைப் பற்றிய கவலை என்று பக்கங்கள் நகர்கின்றன. விவசாயம் அதில் எண்களாக மட்டும் வந்துபோகிறது. பத்தாண்டுக்கு முன் பண்ணையாளருக்கு அவர் கொடுத்த இடம் இதில் இல்லை. சாப்பிடுகிறவர் இருக்கிறார், அவருடைய குற்ற உணர்வு இருக்கிறது. விளைவிப்பவர் இல்லை.

அந்த எண்களிலும் எனக்குக் குறை உண்டு. உலகின் பசுங்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 18 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2006-இல் சொன்னது, 2013-இல் 14.5 சதவீதம் என்றது. இடையில் 2009-இல் ‘வேர்ல்ட் வாட்ச்’ இதழில் ராபர்ட் குட்லேண்டும் ஜெஃப் அன்ஹாங்கும் 51 சதவீதம் என்று எழுதினார்கள். ஃபோயர் பின்னிணைப்பில் 14.5, 51 இரண்டையும் வைத்துவிட்டு, 51-இன் பக்கம் சாய்கிறார். கால்நடைகள் விடும் மூச்சும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மாடு மூச்சில் விடும் கரியமில வாயு, அது தின்ற புல் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். மறுபடி முளைக்கும் புல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பையில் உண்டாகி ஏப்பமாக வெளியேறும் மீத்தேன்தான் கவலைப்பட வேண்டியது. 14.5 சதவீதமே உலகின் மொத்தப் போக்குவரத்தும் வெளியிடுவதற்குக் கிட்டத்தட்ட சமம். அது போதாதா? பெரிய எண்ணைச் சொன்னால்தான் மக்கள் அசைவார்கள் என்று நினைப்பது வாசகரை நம்பாத எழுத்து.

அவர் நூலுக்கு ஓராண்டு முன்பே, 2018-இல், ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். இறைச்சியும் பாலும் பெரும்பாலும் பருப்பு வகைகளைவிடப் பூமிக்குச் சுமை என்பது அதில் உறுதியானது. அதில் ஃபோயர் சொல்வது சரி. ஒரே பொருளைக்கூட எங்கே, எப்படி விளைவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சுமை பல மடங்கு மாறுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அப்படியானால் தட்டில் எது இருக்கிறது என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம்.

மீதிப் பாதியைக் கேட்கப் போனால் கடனும் கூலியும் வந்துவிடும். அமெரிக்காவில் கறிக்கோழிப் பண்ணையாளர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வளர்க்கிறார். குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் அதன்மேல் வாங்கிய கடனும் அவருடையவை. பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வளர்ப்புக் கூலியை உயர்த்தித் தரக் கேட்டு நம் பண்ணையாளர்கள் எத்தனை முறை போராடியிருக்கிறார்கள்! இப்படி மாட்டிக்கொண்டவரிடம் போய், நான் காலையில் முட்டையை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அவர் வாழ்க்கையில் என்ன மாறும்? வேறு விதமாகப் பண்ணை நடத்த அவருக்கு ஆசை இருந்தாலும் கடன் விடாது.

ஃபோயரின் விதி அமெரிக்கருக்கானது. அங்கே ஒருவர் பங்குக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி வருகிறது. இந்தியாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இட்லியும் சாம்பாரும், மதியம் சோறும் குழம்பும் என்றிருக்கும் வீட்டில் அந்த விதிப்படி விட வேண்டியது பெரும்பாலும் காபிக்கான பாலும் மோரும்தான். ஆனால் அந்தச் சோற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் மண்ணுக்கு ஆக்சிஜன் போகாது. அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றுக்கு வருகிறது. மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் அரிசியின் சுமை பல மடங்கு குறைவுதான். ஆனாலும் அரிசிதான் நம் ஊரின் உணவு, அதனால் அது நம் பொறுப்பு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த முறைதான். துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்துவைக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். வரப்பில் நின்றபடி மடையைக் காட்டினார். “தம்பி, மோட்டார் வச்சிருக்கவன் செய்யலாம். எனக்கு வாய்க்கா தண்ணி. முறை வச்சு விடுறாங்க. இன்னிக்குக் காயப் போட்டுட்டு, அடுத்த முறைக்குத் தண்ணி வரலேன்னா பயிருக்கு யாரு பதில் சொல்றது? காஞ்ச வயல்ல களை வேற மண்டும். களை பறிக்க ஆளு எங்க இருக்கு?”

அவர் கேட்டதற்கு என் தட்டில் விடை இல்லை. மேட்டூரில் தண்ணீர் இருந்து ஜூன் 12-இல் அணை திறப்பதில், கடைமடை வரை முறை தவறாமல் நீர் வருவதில், களைக்கூலி கட்டுப்படியாகும் கொள்முதல் விலையில்தான் அதற்கு விடை இருக்கிறது. நான் எதைச் சாப்பிடுகிறேன் என்பது முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. கறியைக் குறைக்க முடிந்தவர்கள் குறைக்க வேண்டும், சமைத்ததை வீணாக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் உணவை நான் சுத்தப்படுத்திக்கொண்டதோடு கடமை முடிந்தது என்ற நிம்மதி எனக்கு வேண்டாம். அரிசி விலை ஐந்து ரூபாய் ஏறினால் முணுமுணுக்கும் வீட்டிலிருந்துகொண்டு, விவசாயி மட்டும் பூமிக்காகத் துணிந்து நட்டப்படட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தப் பொருளில் தமிழில் எழுத வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்று விடுவதிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை காத்துக்கிடப்பது வரை ஒரு சம்பா பருவம் முழுக்க வயலோடு இருந்துவிட்டு எழுதுங்கள். உரத்துக்கும் களைக்கும் அறுப்புக்கும் ஆன செலவை அப்படியே போடுங்கள். மீத்தேன் கணக்கும் அதோடு சேர்ந்தே வரட்டும். அப்படி ஒரு நூல் வந்தால் முதலில் வாங்குகிறவர்களில் நானும் இருப்பேன்.