கூடாரத்தின் வாசல்



யூத ஜனங்கள் செப்டம்பர் அல்லது அக்டோபர் மாதத்தில் ஏழு நாள் கொண்டாடும் கூடாரத் திருநாளைப்பற்றிக் கேட்டிருப்பீர்கள். பாவப் பரிகார நாளின் உபவாசம் முடிந்த இரவே அநேகர் கூடாரத்துக்கு முதற்கழி நட்டுவிடுவார்கள். திருநாளுக்கு நாலே நாள்தான் அவகாசம். எஜிப்திலிருந்து மீண்ட முன்னோரைச் சர்வேசுரன் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருக்கச் செய்ததைப் பிற்சந்ததியார் மறவாதிருக்கவே இக்கட்டளை என்று லேவியராகமம் 23-ம் அதிகாரம் சொல்லுகிறது.

சுவர் பலகையானாலும் துணியானாலும் சரி. கூரையில்தான் கண்டிப்பு. பூமியில் விளைந்து வெட்டப்பட்ட தழை, ஓலை, மூங்கில் இவைகளால் வேயவேண்டும். ஓடு, தகரம் ஆகாது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாயிருக்க வேண்டும். ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரிய இடைவெளி விடுவது வழக்கம். மழை வந்தால் ஒழுகத்தான் செய்யும். கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பிடித்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாமென்று அவர்களுடைய மிஷ்னா நூல் உத்தரவு கொடுக்கிறது. (அந்தச் சாஸ்திரிகளுக்கும் சாப்பாட்டின் அருமை தெரிந்திருக்கிறது!)

நியூயார்க் போன்ற பட்டணங்களில் மாடி வீட்டுக்காரருக்கு முற்றம் ஏது? ஆகவே ஜெபாலயத்து வளவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூடாரம் எழும்பும். பிள்ளைகள் வர்ணக் காகிதத்தில் சங்கிலி ஒட்டுவார்கள். பெரியவர்கள் ஏணியிலேறி மாதுளை, திராட்சை, சோளக்கதிர் கட்டித் தொங்கவிடுவார்கள். தொங்கும் பழத்தைத் திருநாள் முடியுமட்டும் பறித்துத் தின்னக் கூடாதென்பது முறைமை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏழு நாளைக் கழிக்கும் சிறுவர்களின் பாடு தாய்மார்களுக்குப் புரியும். பொதுக் கூடாரத்தில் உட்காருவது அவர்களுக்குள் குறைவல்ல. முதல் நாளில் கையிலேந்தும் குருத்தோலை அவனவன் சொந்தமாயிருக்க வேண்டும். கூடாரமோ பிறத்தியாருடையதாகவும் இருக்கலாம், இஸ்ராயேலர் அனைவரும் ஒரே கூடாரத்தில் உட்காரத் தகும் என்று தால்முத் நூலின் சாஸ்திரிகள் தீர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அபிரகாம், ஈசாக், யாக்கோபு, மோயீசன், ஆரோன், சூசை, தாவீது ஆகிய ஏழு முன்னோரையும் கூடாரத்துக்கு விருந்தாளிகளாக அழைக்கிற வழக்கமுண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த விருந்தாளிகளின் பங்கு ஏழைகளுக்குரியது. 12-ம் நூற்றாண்டிலிருந்த மைமோனிதேஸ் என்னும் சாஸ்திரி இன்னும் கண்டிப்பானவர். வாசலை அடைத்துக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு மாத்திரம் உண்டு குடித்து, ஏழைக்குக் கொடாதவன் கொண்டாடுவது திருநாளின் மகிழ்ச்சியல்ல, வயிற்றின் மகிழ்ச்சியே என்று அவர் எழுதிவைத்தார்.

நம் ஆண்டவரும் இத்திருநாளுக்கு ஜெருசலேம் போனாரே! வெளிப்படையாய்ப் போகாமல் மறைவாய்ப் போனவர், கடைசி நாளில் எழுந்து நின்று, தாகமுள்ளவன் எவனும் தம்மிடம் வரலாமென்று உரத்த சத்தமாய் அழைத்தார். இன்று குடும்ப செபத்துக்குப்பின் அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தை வாசியுங்கள்.

வாசித்தபின் உங்களையே கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் எவ்வளவு செலவு செய்கிறோம்! அன்றைக்கு உங்கள் தெருவில் அடுப்பெரியாத வீடு எதுவென்று தெரியுமா? தெரியாதவர்கள் வின்சென்ட் தே பவுல் சபையாரை விசாரியுங்கள், அவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தையாவது உங்கள் பந்திக்கு அழையுங்கள். அழைக்கப் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லியனுப்பாமல், வீட்டுத் தலைவனும் தலைவியும் நேரிலே போங்கள். மீந்ததைத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவதை அழைப்பென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பங்குக் குரு