முடியவில்லையா? முயன்றாயா?

ஸ்பானிஷ் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டாய். ஏன்?

"முடியவில்லை" என்கிறாய். நில்! அந்த ஒற்றைச் சொல்லோடு தப்பித்து ஓட ஸ்பானிஷ் உன்னை விடாது.

அந்த மொழியில் "முடியவில்லை" என்பதற்கு இரண்டு முகம். 'நோ போதியா' என்றால், முடியாத நிலையில் இருந்தேன். முயன்றாயா, இல்லையா? அதைப் பற்றி அது பேசாது.

'நோ பூதே' என்றால், முயன்று பார்த்தேன், முடியாமல் போனது!

வினை ஒன்றுதான், 'போதேர்'. இறந்தகாலம்தான் இரண்டு. முதலாவது, நீடித்துக்கொண்டிருந்த நிலை. மற்றது, நடந்து முடிந்த செயல்.

இப்போது சொல். உன்னுடைய "முடியவில்லை" எந்த முடியவில்லை?

'ஹோலா', 'கிராசியாஸ்' வரைக்கும் உற்சாகமாகத்தானே இருந்தாய்? இந்த இரண்டு இறந்தகாலங்கள் வந்த அன்றைக்குத்தான் உனக்குத் திடீரென்று ஆபீஸ் வேலை கூடிவிட்டது. சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசல் ஞாபகம் வந்துவிட்டது!

அப்படி எது உன்னைப் பயமுறுத்தியது? 'சபீயா' என்றால் தெரிந்திருந்தது. 'சூப்பே' என்றால் தெரியவந்தது. 'கொனோசீயா' என்றால் ஏற்கெனவே பழக்கம். 'கொனோசி' என்றால் முதல்முதலாகச் சந்தித்தேன். இவ்வளவுதான்!

"இதெல்லாம் நம் தலையில் ஏறாது" என்கிறாயா? நீ இருப்பது பெங்களூரு! நீ அல்சூரில் பிறந்து வளர்ந்திருக்கலாம். போன வருடம் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும், இந்த வித்தியாசம் உன் வாயில் ஏற்கெனவே புரள்கிறது.

பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஏறுகிறாய். "மெஜஸ்டிக் போகாது" என்கிறார் கண்டக்டர். நீ கன்னடத்தில் என்ன சொல்கிறாய்? "கொத்தாய்த்து." தெரிந்துகொண்டேன். தலையாட்டிவிட்டு இறங்குகிறாய்.

அதே இடத்தில் "நனகெ மொதலே கொத்தித்து", எனக்கு முன்பே தெரிந்திருந்தது, என்று சொல்லிப் பார். அவர் முறைப்பார். முன்பே தெரிந்தால் ஏன் ஏறினாய்?

'கொத்தித்து', அதுதான் 'சபீயா'. 'கொத்தாய்த்து', அதுதான் 'சூப்பே'!

தமிழில் மட்டும் இல்லையா? "தெரிஞ்சிருந்துச்சு" என்பதும் "தெரிஞ்சுபோச்சு" என்பதும் ஒன்றா? உன் பாட்டி எந்த இலக்கணப் புத்தகத்தைப் படித்துவிட்டு இதைச் சரியாகச் சொன்னாள்?

உன் காதுக்கு வித்தியாசம் தெரியும். உன் பயத்துக்குத்தான் தெரியவில்லை.

எதற்குப் பயம்? வகுப்பில் நாலு பேர் சிரிப்பார்கள் என்றா? சிரிக்கட்டுமே! 'சபீயா' வர வேண்டிய இடத்தில் 'சூப்பே' சொன்னால் யார் குடி முழுகிவிடும்? திருத்துவார்கள். மறுபடி சொல்வாய். உன் முதல் கன்னட வாக்கியம் என்ன தங்கத்தட்டில் வைத்தது போலவா வந்தது? தப்பும் தவறுமாகப் பேசித்தானே வீட்டு ஓனரம்மாவிடம் வாடகையைக் குறைத்தாய்!

சரி, இன்னொரு வினை. இதுதான் சுடும். 'கெரேர்', விரும்புதல்.

'கெரியா' என்றால் ஆசை இருந்தது. 'கீசே' என்றால் பொதுவாக, ஆசைப்பட்டு முயற்சியில் இறங்கினேன். எத்தனை வருடமாக நீ 'கெரியா'விலேயே குடியிருக்கிறாய்?

அதையே எதிர்மறையாக்கு. 'நோ கீசே'. அர்த்தம் என்ன தெரியுமா? மறுத்துவிட்டேன்!

நெஞ்சைத் தொட்டுச் சொல். நீ "முடியவில்லை" என்றாயே, அது உண்மையில் 'நோ கீசே'தானே?

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு நோட்டை எடு.

ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ். 20 நாடுகளில் அரசு மொழி. 2009-லேயே ஸ்பானிஷ் கற்பிக்கும் செர்வாந்தெஸ் நிறுவனம் டெல்லிக்கு வந்துவிட்டது. அது நடத்தும் டெலே மொழித் தேர்வுக்கு ஆறு படிகள். முதல் படியிலிருந்தே ஏறலாம். 2024 அக்டோபரில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் இந்தியா வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், பெங்களூருவில் ஸ்பெயினின் துணைத் தூதரகம் திறக்கும் முடிவும் இருந்தது. மொழி உன் ஊர் வாசலுக்கே வருகிறது. நீ கதவைச் சாத்துகிறாய்!

இன்று ராத்திரி உன் நாளைப் பத்து வாக்கியத்தில் எழுது. ஒவ்வொரு வினையிலும் நின்று கேள். இது நடந்துகொண்டிருந்ததா? நடந்து முடிந்ததா? மழை பெய்துகொண்டிருந்தது, முதல் வகை. பஸ் வந்தது, இரண்டாவது வகை. சந்தேகமா? கன்னடத்தில் சொல்லிப் பார். தமிழில் சொல்லிப் பார்.

பத்தில் ஏழு தப்பாகுமா? ஆகட்டும்! நாளை ஆறு தப்பாகும்.

விழுந்து எழுந்து, அப்படியும் தோற்றால் 'நோ பூதே' என்று நிமிர்ந்து சொல். அந்தச் சொல்லுக்கு நீ உரிமை சம்பாதித்துவிட்டாய். கையைக் கட்டி உட்கார்ந்திருந்துவிட்டு அதைச் சொல்லாதே. இலக்கணப்படியே அது பொய்!

அடுத்த வகுப்பு என்றைக்கு? போ. முதல் வாக்கியத்தை நீ சொல்!