சொந்தக்காரங்களுக்குக் கொடுப்பது தானமா, கடமையா?



கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தான், புலவர்கள் பாடினாங்க. சரி, சொந்தக் குடும்பத்துக்கே சம்பளத்தை அனுப்புறவனை யார் பாடுறாங்க?

19-ஆம் நூற்றாண்டில் தென்சீனத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர் போனவங்களைப் பாருங்க. ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைச்சு, பணத்தையும் கடிதத்தையும் சேர்த்தே ஊருக்கு அனுப்பினாங்க. அப்பா அம்மா மட்டுமல்ல, தம்பி, தங்கை, சித்தப்பா வீடு வரை அதில் அடுப்பு எரிஞ்சது. அந்தக் கடிதங்களை 2013-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இன்று பினாங்கு தைப்பூசத்தில் முருகனுக்குத் தேங்காய் உடைக்கும் சீனர்களில் பலர் அப்படி வந்தவங்களோட வாரிசுகள்தான்.

'அது கடமைதானே?' என்று கேட்கலாம். கடமைதான். ஆனா கடல் தாண்டிப் போனவன் மறந்துட்டா யார் போய்க் கேட்பது? கேட்க ஆளில்லாத இடத்திலும் மறக்காம இருந்தான் பாருங்க, அங்கேதான் கடமை அறமாகுது. ஓரி கொடுத்தது செல்வத்திலிருந்து. இவன் கொடுத்தது தன் சாப்பாட்டிலிருந்து.

வாங்குறவங்களுக்கும் ஒரு அறம் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வேலைக்குப் போன அண்ணன் பணம் போட்டா, 'வந்துடுச்சு'ன்னு மட்டும் சொல்லி வைக்காதீங்க. 'நீ சாப்பிட்டியாண்ணா?'ன்னு கேளுங்க.

ஓம் சரவணபவ 🦚