பிரசவ விடுமுறை கொடையா? கடனா?

பிரசவ கால விடுமுறையை முதலாளி செய்யும் தர்மமென்பார் சிலர். இஃது எங்ஙனம் பொருந்தும்? புக்கிட் பெலிம்பிங் முதலிய கோலசிலாங்கூர்த் தோட்டங்களில், முன்னாளில் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார் விடியுமுன்னே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டனர். மரத்தின் பாலுக்கு நேரமுண்டு; மகவின் பாலுக்கு நேரமில்லை!

1955ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கு 60 நாள் விடுமுறை வகுத்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாளாயிற்று. மணமான தகப்பனுக்கும் சம்பளத்துடன் 7 நாள் கிடைத்தது. நன்றே. ஆயினும், ஆறு மாதம்வரை சிசுவுக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவாக வேண்டுமென்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பேதியினின்றும் மார்ச்சளியினின்றும் அதுவே காக்கும். 98 நாள் அக்காலத்தில் பாதியைச் சற்றே தாண்டும். மீதியை யார் தருவது?

நாட்டுக்கு ஓர் உயிரை ஈந்தவள் நமக்குக் கடன் கொடுத்தவளன்றோ? கடனைத் தீர்ப்பவன் கொடையாளியாகான். ஆதலின், அன்பர்களே, மிச்ச நாள்களை இரந்து கேளாதீர், உரிமையாய்க் கேளுங்கள்.