திரும்புவதும் தெரிவதும்

டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தெற்கே போகக்கூடிய எல்லை வரை போய்த் திரும்புகிறது. அன்று முதல் பகல் வளர்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வடக்கனந்தலில் இருட்டோடு எழுந்து வாசல் தெளிப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவது கடினம். அவர்கள் கண்ணுக்கு விடியல் முந்தவில்லை, இன்னும் பிந்துகிறது. அதுவும் உண்மைதான். அந்த நாட்களில் பூமி சூரியனுக்கு அருகில் வந்து வேகமாகச் சுற்றுகிறது. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உச்சிப்பொழுதையே தினமும் அரை நிமிடம் போலப் பின்னுக்குத் தள்ளுகின்றன. அதனால் ஜனவரி பிற்பகுதி வரை காலை இருட்டு நீள்கிறது, மொத்தம் ஏறக்குறைய பத்து நிமிடம். கூடுகிற வெளிச்சமெல்லாம் மாலைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கேயோ மேற்கில் கல்வராயன் மலை மறித்து நிற்கிறது. வெளிச்சம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே காலை இருளும் வளரலாம் என்பதுதான் இந்தப் பருவம் நமக்குக் காட்டுவது. நம்பிக்கை என்பதை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் குளிர் தேசத்துக் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். லண்டனில் அன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நண்பகலில் சூரியன் 55 பாகை உயரத்தில் நின்று நன்றாகவே காய்கிறது. இருளில் தவித்தவர்கள் நெருப்பு மூட்டி வரவேற்ற நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கேள்வி நியாயமானது. ஆனால் வித்தியாசம் சிறியதாக இருப்பதால்தான் இங்கே அது கவனிக்கத் தக்கதாகிறது. அங்கே இருளும் வெளிச்சமும் தாமே வந்து ஆளை உலுக்கும். இங்கே திருப்பத்தை உடம்பு சொல்லாது. குறி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். குறி வைக்க இந்த ஊருக்கு ஒரு மலையே இருக்கிறது. மார்கழியில் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே விழும் சூரியன், ஆனியில் அதே அளவு வடக்கே விழுகிறது. ஆண்டு முழுவதும் அது மலை முகட்டின் மீது நடந்துபோகிறது. பங்குனியில் அந்த நடை ஒரு நாளைக்குச் சூரியத் தட்டின் அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. திரும்பும் நாளை ஒட்டியோ, பத்து நாள் கழிந்தாலும் ஒரு தட்டளவுகூட நகராது. நின்றுவிட்டது என்று சொல்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொங்கல் வரும்போதுதான் நாலு தட்டளவு வடக்கே வந்திருக்கும்; அப்போது யார் கண்ணுக்கும் புலப்படும்.

திரும்பும் நாளுக்கும் உத்தராயணம் பிறந்ததாக நாம் கொண்டாடும் தை முதல் நாளுக்கும் இடையே இன்று 24 நாள் போல இடைவெளி இருக்கிறது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சு 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் மெல்லச் சுழல்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இடைவெளி கணக்கால் வந்ததுதான், யாரும் திட்டமிட்டதில்லை. ஆனாலும் அந்த நாட்களை நம் மக்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்கழி, கல்யாணம் காட்சி வைக்காத மாதம். ஆனால் ஆண்டில் வேறெந்த மாதத்திலும் விடியுமுன் இத்தனை பேர் எழுவதில்லை. கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேலையை முன்னால் இழுத்துக்கொள்கிறார்கள்.

குளிர் தேசத்துக் கவலை என்ற மறுப்பைவிடக் கடுமையான ஒன்று உண்டு. சூரியன் யார் முயற்சியும் இல்லாமல் திரும்பும். மனிதர் வாழ்வு அப்படித் திரும்புமா? திரும்பாது என்பதற்கு அந்த மலையே சாட்சி. கல்வராயனில் ஜாகிர்தார்கள் எனப்பட்ட நிலத் தலைவர்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆகியும் அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். ஜாகிர் ஒழிந்த பிறகும் சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமாக மலையேறவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகே, கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அத்தனை சாவுகள் விழுந்தபின் கேட்கப்பட்ட கேள்வி அது. ஆகவே வானத்தைக் காட்டி, பொறுங்கள், எல்லாம் சரியாகும் என்று அந்த மக்களிடம் சொல்வது கொடுமை. அப்படிச் சொல்ல சூரியன் யாருக்கும் உரிமை தரவில்லை.

சூரியனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு: எவ்வளவு வந்தது என்பதோடு, எந்தத் திசையில் போகிறது என்றும் பார்ப்பது. அதற்கு முகட்டில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். குறி இல்லாதவன் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது வெறும் மனநிலை. கல்வராயனுக்கும் குறிகள் உண்டு. ஒரு குக்கிராமத்தில் பிரசவ வலி கண்டவர் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது, எட்டாம் வகுப்பு முடித்த பெண்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறார்கள், மழைக்காலத்தில் எந்தெந்த ஊருக்குப் பாதை அறுந்துபோகிறது. இவற்றை மலை மக்களே ஆண்டுதோறும் எழுதிவைத்து, கிராம சபையில் படித்துக் காட்டி, சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக் கேட்கத் தொடங்கினால், ஒரு தட்டளவு நகர்ந்ததும் தெரியும், நகராததும் தெரியும். நகராதபோது யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அந்த ஏட்டிலேயே இருக்கும்.