பாசியைக் கொல்லலாமா?

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் படரும் பாசியை அழிப்பது கொலையாகுமா என்பது அற்பக் கேள்வி அல்ல. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்தது. சமணம் இன்னும் நுட்பமாகப் பார்த்து, ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் வகையில் பாசியை வைத்தது. அந்தக் கணக்கில் தொட்டிக் கண்ணாடியை ஒருமுறை சுரண்டுவதும் பெரும் உயிர்ச்சேதம்தான்.

பாசியை இயல்பிலேயே பகை என்று சொல்லவும் வழியில்லை. சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச்செல் பாசி பவளத்தின் உடலுக்குள் வாழ்கிறது. அது ஒளியிலிருந்து ஆக்கித் தரும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா நீர் சூடேறியபோது, இந்தப் பாசியை இழந்துதான் பவளங்கள் வெளுத்தன. உள்ளே இருந்தால் சோறு, மேலே மூடினால் மூச்சுமுட்டல். இடமும் அளவுமே பகையை உண்டாக்குகின்றன.

அளவைக் கெடுப்பது வளர்ப்பவரின் கை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கர்நாடகத்து ஆனேக்கலில், தொட்டிக்கு வேண்டிய கடலை உப்புக் கரைத்துத்தான் ஆக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குத் தீனியாகும். ஆர்.ஓ. நீர், அளவான இரை, கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர், தவறாத நீர்மாற்றம் ஆகியவற்றால் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்ளும் பாஸ்பேட் 0.1 மில்லிகிராமுக்குள்ளும் நின்றால் பாசி பெரும்பாலும் அடங்கிவிடும். பிறக்காத பாசியைக் கொல்ல வேண்டியதில்லை. அறத்துக்கு மிக நெருங்கிய வழி இதுவே. ஆனால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுழியாக்கும் வெறியும் ஆகாது. அப்படி வறண்ட தொட்டியில் டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்கள் சளிபோல் படர்ந்து நத்தைகளைக் கொல்வதுண்டு.

தொட்டிக்கு வெளியிலும் கதை இதுதான். ஆனேக்கல் வட்டத்துச் சந்தாபுரா ஏரியின் சீர்கேட்டுக்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அங்கும் குற்றம் தண்ணீருடையதல்ல, அதில் கலந்த கழிவுடையது.

மிஞ்சிய பாசியை மேய டிரோக்கஸ் நத்தைகளை விடுவது வழக்கம். கொலையை நத்தையிடம் ஒப்படைத்தால் பழி நீங்குமா? செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றையும் சமணம் வினையாகவே எண்ணுகிறது, எனவே நீங்காது. ஆயினும் நத்தைக்கும் பசி உண்டு, பாசியே அதன் உணவு. தொட்டி சுத்தமானதும் அது பட்டினி கிடக்கும். அப்போது காய்ந்த கடற்பாசித் துண்டு ஒன்றைக் கண்ணாடியில் செருகி வைப்பது வளர்ப்பவரின் கடன்.