தீட்டு எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகளைச் சாதி காவல் காத்தது. ஒடுக்கப்பட்டவர்கள் வாளியைத் தொட்டால் தண்ணீர் தீட்டுப்படும் என்று தடுத்தார்கள். தாகத்தோடு வந்தவர் யாராவது அள்ளி ஊற்றும்வரை கையேந்தி நிற்க நேர்ந்தது. சாதியின் பேரால் இப்படி ஒதுக்குவதைக் குற்றமாக்க 1957-இல் இலங்கையில் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்தக் கைகளால் எந்தக் கிணறும் கெடவில்லை. கெடுத்தது நைத்திரேற்று. அது வந்த வழியை மறைக்க முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணில் ஊறிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தேங்குவதுதான் அங்கே நல்ல தண்ணீர். அந்த மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் யூரியா கொட்டுகிறோம். அதே வளவுக்குள், அடி கட்டாத மலசலகூடக் குழியும் வைத்திருக்கிறோம். இரண்டிலிருந்தும் வரும் நைதரசனை மண்ணிலுள்ள பக்றீரியா நைத்திரேற்றாக மாற்றுகிறது. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை; மழையோடு நேரே கீழே போகிறது.

எது எவ்வளவு என்று கேட்டால் ஊரார் தோட்டக்காரரைக் காட்டுவார்கள், தோட்டக்காரர் குழிகளைக் காட்டுவார். ஐசோடோப் சோதனைக்கு இந்தப் பக்கச்சார்பு கிடையாது. யூரியாவின் நைதரசன் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அதில் நைதரசன்-15 என்ற கனமான வகையின் அளவு காற்றினுடையதற்கு நெருக்கமாகவே இருக்கும். மலசலத்திலும் எருவிலும் இலேசான நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிட, கனமானது மிஞ்சுகிறது. காற்றினுடையதைவிட ஆயிரத்துக்குப் பத்து, இருபது பங்கு என்று அளவு ஏறினால் சந்தேகம் குழிப்பக்கமும் எருப்பக்கமும் திரும்பும். மாட்டெருவா மனிதக் கழிவா என்பதை இது மட்டும் பிரித்துச் சொல்லாது. சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பும் அந்த நீரில் அகப்பட்டால், அது மனிதர் குடலைக் கடந்து வந்த நீர். மாடு அதைத் தின்பதில்லை.

யாருடைய வாளி என்று தலைமுறைகளாகக் கேட்ட சமூகம், யாருடைய குழி என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் விரல் தன் வீட்டுப் பின்புறத்தை நோக்கித் திரும்பும். ஆசாரம் பார்க்கும் வீட்டின் குழியும் கசிகிறது. கோயில் கிணறும் அதே பாறை நீரைத்தான் இறைக்கிறது. தீட்டு என்ற கற்பனைக்காக மனிதரை அவமதித்தோம், உண்மையான அழுக்கை அயலவர் குடிக்க விட்டோம். இதைவிடப் பெரிய ஒழுக்கக்கேடு எது?

நைத்திரேற்றுக்கு நிறமும் மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

உங்கள் கிணற்றைச் சோதியுங்கள். முடிவை ஒளிக்காமல் அயல்வீட்டுக்குச் சொல்லுங்கள். குழியின் அடியைக் கட்டுங்கள். யூரியாவை அளந்து போடுங்கள்.